நான் பிணை நிற்காத கதை

தம்பி,

இந்தக் கடிதத்தை நீ மெதுவாகத்தான் வாசிப்பாய் என்று தெரியும். சனிக்கிழமை வகுப்பில் படித்த தமிழ். பிரெஞ்சு வாசிக்கிற வேகம் இதில் வராது. பரவாயில்லை. அம்மாவிடம் கொடுத்து வாசித்துக் காட்டச் சொல்லாதே, நீயே வாசி. போனில் சொல்லலாம் என்று இந்தக் கிழமை மூன்று தரம் உன்னைக் கூப்பிட்டேன். மூன்று தரமும் "சாப்பிட்டியோ" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நேரில் சொன்னால் நீ என் முகத்தைப் பார்ப்பாய். அதற்கு எனக்குத் துணிவில்லை. எழுத்தில் என்றால், முடியும்வரை நீ இடையில் மறித்து "ஏன் அப்பா" என்று கேட்க மாட்டாய்.

வருகிற திங்கட்கிழமை நீ வேலைக்குச் சேரப்போகிறாய். குடிவரவு வழக்குகள் மட்டும் எடுக்கிற சின்ன அலுவலகம், இரண்டு பேர்தான் நடத்துகிறார்கள் என்று சொன்னாய். அந்த இரண்டு பேரில் ஒருவரான அம்மையாரின் பெயரை நீ சொன்னபோது நான் "நல்லது, நல்லது" என்றேன். சோற்றில் விட்ட கை அப்படியே நின்றதை நீ கவனிக்கவில்லை. தம்பி, அந்த அம்மையாரை எனக்குத் தெரியும். ஒன்பது வருடத்துக்கு முன் செல்வராசாவின் வழக்கை இலவச சட்ட உதவியில் எடுத்துச் செய்தவர் அவர்தான். நாங்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இங்கே சட்டத்தரணிகளை எல்லோரும் அழைக்கிற மாதிரி 'மேத்ர்' என்றே கூப்பிட்டோம். நம் வழக்கப்படி என் பெயர்தான் உன் குடும்பப் பெயர். இவ்வளவு நீளமான பெயரை அவர் மறந்திருக்க மாட்டார். நேர்முகத்தில் உன்னிடம் "அப்பா என்ன செய்கிறார்" என்று கேட்டாராம், நீ சென்ட் லோரன்டில் மருந்துப் பண்டகசாலையில் வேலை என்றாயாம், அவர் உடனே அடுத்த கேள்விக்குப் போனாராம். அவருக்கு விளங்கிவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

ஆகவே ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். நான் திடீரென்று நல்லவனாகி இதை எழுதவில்லை. பிடிபடப் போகிறேன் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அதுவும் ஒரு வெட்கம்தான்.

நீ சட்டத்தரணியாகச் சத்தியம் எடுத்ததற்கு நாங்கள் மண்டபம் பிடித்து விருந்து வைத்தோமே, அங்கே நீ ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு சொன்னது எனக்கு ஒரு சொல் தவறாமல் நினைவிருக்கிறது. "எங்கட அப்பா ஒருத்தருக்குப் பிணை நிற்கப் போனவர். அந்த ஆள் ஓடினா நீ எங்களுக்கு அறிவிப்பியோ எண்டு நீதிபதி கேட்டவர். நான் தலையாட்டி இல்லை, என்ர ஆளைக் காட்டிக்குடுக்க மாட்டன் எண்டு அப்பா முகத்துக்கு நேர சொன்னவர். அதால பிணை கிடைக்கேல்ல. அந்த லோயர் அப்பாவை ஒழுங்காத் தயார்ப்படுத்தேல்ல. அப்பிடி ஒரு லோயரா நான் வரக் கூடாது எண்டுதான் படிச்சனான்." சனம் கைதட்டியது. உன் அம்மா கண்ணைத் துடைத்தாள். நான் என்ன செய்தேன்? எழும்பி நின்று எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டேன். சீ, என்ன மனுசன் நான்!

மேத்ர் என்னை ஒழுங்காகத்தான் தயார்ப்படுத்தினார். குறை அவரில் இல்லை. முழுவதையும் ஒழுங்காகச் சொல்கிறேன்.

செல்வராசா யார் என்று நீ கேட்டபோதெல்லாம் "ஊரில தெரிஞ்ச ஆள்" என்று சொல்லி முடித்துவிடுவேன். எனக்கு இருபத்தாறு வயதில் ஆமி என்னைத் தேடியது. பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஒருவனுக்குச் சைக்கிளை இரவல் கொடுத்தேன், அவன் அதில் போய் என்ன செய்தான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சைக்கிள் என் பெயரில் பதிவாகியிருந்தது, அவ்வளவுதான். சொந்தக்காரர் வீடுகளில் கதவு திறக்கவில்லை. செல்வராசாவின் வீட்டில் திறந்தது. அவர்கள் எங்கள் சாதி இல்லை. எங்கள் தோட்டத்தில் கூலிக்கு வருகிறவர்கள், எங்கள் வீட்டு முற்றத்தோடு நிற்கிறவர்கள், எங்கள் கிணற்றில் வாளி போட விடப்படாதவர்கள். உனக்கும் அக்காவுக்கும் நாங்கள் சாதியைப் பற்றி ஒன்றுமே சொல்லித்தரவில்லை. அதை ஒரு பெருமையாகக்கூட வெளியே சொல்லிக்கொண்டு திரிந்தோம். ஆனால் எங்களுக்குள் அது அப்படியே இருந்தது.

அந்த வீட்டில் பதினொரு நாள் இருந்தேன். எங்கள் ஆட்கள் அங்கே தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் அங்கே என்னைத் தேடவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவருடைய தாய் சமைத்துப் போட்டதை மூன்று வேளையும் தின்றேன். அந்த மனுசி எனக்குப் பாயை விட்டுவிட்டுத் தான் நிலத்தில் படுத்தது. செல்வராசா என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஆனாலும் நான் அவரை "நீ" என்பேன், அவர் என்னை "நீங்கள்" என்பார். ஒளித்திருந்த அந்தப் பதினொரு நாளும்கூட அப்படித்தான். இந்தக் கடிதத்தில் அவரை "அவர்" என்று எழுதுவதற்கே எனக்குக் கை பழக வேண்டியிருக்கிறது. முதலில் எழுதிய தாளில் எல்லா இடமும் "அவன்" என்று இருந்ததைக் கண்டு கிழித்துப்போட்டுத் திரும்ப எழுதுகிறேன்.

பதினோராம் நாள் பின்னேரம் அவர் என்னை வேறு ஆட்களோடு அனுப்பிவைத்தார். அடுத்த நாள் காலை ஊரைச் சுற்றி வளைத்தார்கள். ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட வளவில் வரிசையாக நடக்க விட்டு, முன்னால் சாக்கால் முகம் மூடிய ஒருவனை இருத்தினார்கள். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆள் போனான். அவனைத்தான் நாங்கள் தலையாட்டி என்போம். செல்வராசாவுக்கும் அவன் ஆட்டினான். இரண்டு நாள் வைத்து அடித்தார்கள், நான் எங்கே என்றுதான் கேட்டார்கள். எந்த வழியால், யாரோடு போனேன் என்று அவருக்குத் தெரியும். சொல்லவில்லை. அவருடைய இடது காது அன்றோடு போனது. இதையெல்லாம் நான் கொழும்பில் இருக்கும்போது கேள்விப்பட்டேன். பிறகு நான் இங்கே வந்தேன், கல்யாணம் கட்டினேன், நீங்கள் பிறந்தீர்கள், புரோசார்டில் வீடு வாங்கினேன்.

நீ பதினாலு வயதில் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. "அண்ணை, நான் செல்வராசா. இஞ்ச மொன்றியலுக்கு வந்திட்டன். வேற ஆளின்ர பாஸ்போட்டில வந்தபடியா மறியலில வைச்சிருக்கினம். உங்கட நம்பர் மட்டும்தான் என்னட்ட இருக்கு." நான் உடனே "ஓம், நான் இருக்கிறன், பயப்பிடாத" என்றேன். அந்தச் சொல் பொய்யில்லை, தம்பி. அதை நீ நம்ப வேண்டும். மூன்று நாள் நான் உண்மையாகவே ஓடித்திரிந்தேன். சட்ட உதவிக்கு விண்ணப்பித்தேன், மேத்ரைக் கண்டுபிடித்தேன், லவாலில் இருந்த தடுப்பு நிலையத்துக்குப் போய்க் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து அவரோடு கதைத்தேன். கோயிலிலும் வேலையிலும் எல்லோருக்கும் சொன்னேன்: என் உயிரைக் காப்பாற்றிய ஆள், நான்தான் பிணை நிற்கிறேன் என்று. எல்லோரும் என்னை மெச்சினார்கள்.

பிணை என்றால் காசு கட்டிவிட்டு வருவது இல்லை என்று உனக்கு இப்போது என்னைவிட நன்றாகத் தெரியும். வெளியே விடப்படுகிற ஆள் பிணைகாரரின் வீட்டில் இருக்க வேண்டும். அவர் பார்வையில் இருக்க வேண்டும். அடையாளம் உறுதியாகும்வரை மாதக் கணக்கிலும் ஆகலாம். உன் அம்மா நிலத்துக்குக் கீழே இருக்கிற பேஸ்மன்ற் அறையைத் துடைத்துக் கட்டில் போட்டாள். ஜான்-டலோன் சந்தைப் பக்கம் போனவள் ஒரு புதுத் தட்டும் ஒரு புதுக் கோப்பையும் வாங்கிவந்தாள். எங்கள் வீட்டில் தட்டுக்கும் கோப்பைக்குமா பஞ்சம்? அவற்றைக் கழுவி மற்றப் பாத்திரங்களோடு சேர்க்காமல் ஜன்னல் கரையில் தனியாகக் கவிழ்த்து வைத்தாள். நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எனக்கு அது சரியாகத்தான் பட்டது. அம்மாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவள் தட்டைப் பிரித்ததோடு நின்றாள். ஆளை வீட்டுக்குள் எடுக்க அவளுக்குச் சம்மதம்தான். நான்தான் அதற்கும் கீழே இறங்கினேன்.

ரொறன்ரோவிலிருந்து பெரியப்பா போன் எடுத்தார். "என்னடா, உவனைக் கொண்டுவந்து வீட்டுக்குள்ள வைக்கப் போறியாம்? வாற மாதம் மாப்பிள்ளை வீட்டுக்காரர் பிள்ளையைப் பார்க்க வருகினம். எங்கட ஊர்ப் பக்கத்து ஆக்கள். உவன் மேல ஏறிவந்து குசினியில தண்ணி குடிச்சா அவைக்கு என்ன சொல்லப் போறாய்?" நான் "அது என்ர உயிரைக் காப்பாத்தின ஆள் அண்ணை" என்றேன். "அதுக்குக் காசைக் குடு, ஆர் வேண்டாமெண்டது? வீட்டுக்குள்ள ஏன்?" என்றார். நான் போனை வைத்துவிட்டுக் கோபப்பட்டேன். கோபம் ஒரு நாள்தான் நின்றது. அதற்குப் பிறகு குசினியில் நின்று அவர் தண்ணீர் குடிப்பது என் கண்ணுக்குள் வரத் தொடங்கியது. அக்காவின் சம்பந்தம் குழம்பிப்போய்விடும் என்று பயந்தேன். நான் பயந்தது அது மட்டும்தான் என்று எழுதினால் அதுவும் பொய். எனக்கே அது பிடிக்கவில்லை. என் வீட்டில், என் மேசையில், எனக்கு எதிரே அவர் இருந்து சாப்பிடுவது எனக்கே பிடிக்கவில்லை, தம்பி. அவர் தாயின் கையால் தின்றவன் நான்.

அந்தச் சம்பந்தம் சரிவரவில்லை, அது உனக்குத் தெரியும். அக்கா தன்னோடு படித்த கியூபெக் பொடியனைக் கட்டினாள். அவன் எங்கள் குசினியில் நின்று எந்தக் கோப்பையிலும் குடிக்கிறான், பானைக்குள் கரண்டியை விட்டு ருசி பார்க்கிறான். அவனுடைய பாட்டன் பூட்டன் யார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

சரி, பிணைக்கு மாட்டேன் என்று நேராகச் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். எப்படிச் சொல்வது? ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. மாட்டேன் என்றால் நன்றி கெட்டவன் என்பார்கள். ஓம் என்றால் அவர் வீட்டுக்குள் வருவார். எனக்கு நல்ல பெயரும் வேண்டும், அவரும் வரக் கூடாது. வழியை மேத்ரே காட்டித்தந்தார், பாவம், தெரியாமல்.

விசாரணைக்கு முதல் நாள் அவருடைய அலுவலகத்தில் இரண்டு மணித்தியாலம் என்னை இருத்திவைத்துச் சொல்லித்தந்தார். மொழிபெயர்க்க எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி வந்திருந்தாள். என்னென்ன கேட்பார்கள், எப்படிப் பதில் சொல்ல வேண்டும், எங்கே தடுமாற வைப்பார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியாக ஒன்று. அந்தப் பிள்ளை தமிழில் சொன்னாள்: "அண்ணை, அவர் ஓடிப்போய், எங்க இருக்கிறார் எண்டு உங்களுக்குத் தெரியவந்தா, அறிவிப்பியளோ எண்டு கேப்பினம். ஓம் எண்டு சொல்லவேணும். எங்கட ஆக்களுக்கு அது வாயில வராது எண்டு மேத்ருக்குத் தெரியுமாம். ஆனா அவர் ஓடமாட்டார்தானே, அதால நீங்கள் ஒருநாளும் அறிவிக்கத் தேவையும் வராதாம். ஓம் எண்டு சொல்லாட்டி நிச்சயமா விடமாட்டினமாம். விளங்கிச்சோ?" நான் "விளங்கிச்சு" என்றேன். நன்றாகவே விளங்கியது. மெற்றோவில் வீட்டுக்கு வரும்போது அதைத் திரும்பத் திரும்ப யோசித்தேன். ஓம் என்று சொல்லாவிட்டால் விடமாட்டார்கள். அது மட்டும் எனக்குப் போதும்.

விசாரணை அறை சின்ன அறை. செல்வராசா எனக்குப் பின்னால் ஒரு காவலரோடு இருந்தார். நான் சொல்வது கேட்க வேண்டும் என்று வலது காதை முன்னால் திருப்பிக்கொண்டு இருந்தார். கேள்வி வந்தது. நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "நான் தலையாட்டி இல்லை. என்ர ஆளைக் காட்டிக்குடுக்க மாட்டன்" என்றேன். மொழிபெயர்த்த பிள்ளை ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். நீதிபதி எழுதிக்கொண்டார். மேத்ர் உடனே எழும்பி ஐந்து நிமிடம் கேட்டு என்னை நடைபாதைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கோபப்படவில்லை. நீங்கள் பட்டது எனக்கு விளங்குகிறது, ஆனால் இது அந்த நாடு இல்லை, உள்ளே போய் ஒரு சொல் மாற்றிச் சொல்லுங்கள், இன்று பின்னேரம் அவர் உங்களோடு வீட்டுக்கு வந்துவிடுவார் என்றார். இன்று பின்னேரம் என்றால் இன்றிரவே என் மேசையில் இருப்பார். உள்ளே போனேன். திரும்பவும் அதையே சொன்னேன், முதல் தரத்தைவிடச் சத்தமாக.

காவலர் அவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகும்போது அவர் என்னைப் பார்த்து "பரவாயில்லை அண்ணை" என்றார். வெளியே வந்ததும் மொழிபெயர்த்த பிள்ளை என்னிடம் தனியாக வந்தாள். "நான் உங்களுக்குச் சொன்னது விளங்கினதுதானே அண்ணை?" என்று கேட்டாள். "மானம் எண்டு ஒண்டு இருக்குப் பிள்ளை" என்றேன். அவள் என்னைக் கீழிருந்து மேல் ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அவளும் ஊர்க்காரிதானே, அவளுக்கு விளங்காமல் போகுமா? அன்றைக்கே கதை பரவியது. கோயிலில் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "அப்பிடித்தான் சொல்லவேணும் அண்ணை!" என்றார்கள். நீயும் அந்தக் கதையை அங்கேதான் கேட்டாய். பள்ளிக்கூடத்தில் அதைக் கட்டுரையாக எழுதிப் பரிசு வாங்கினாய். ஒரு பிள்ளை தகப்பனை அப்படிப் பார்ப்பது எவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று உனக்கு ஒரு பிள்ளை வரும்போது விளங்கும். அந்த இனிப்பில் நான் ஒன்பது வருடம் இருந்தேன்.

இதோடு முடிந்திருந்தால்கூட என்னை நீ ஒருவேளை மன்னிக்கலாம். முடியவில்லை.

விசாரணை முடிந்து ஐந்தாறு நாளில் வவுனியாவிலிருந்து அவருடைய மனைவி எடுத்தாள். மறியலில் இருக்கிற ஆளுக்கு எப்படி எடுப்பது என்று அவளுக்குத் தெரியாது. செல்வராசா கொடுத்திருந்த எங்கள் நம்பர் மட்டும்தான். "அண்ணை, மாமி நேற்றுச் செத்துப்போனா. அவருக்கு ஒருக்காச் சொல்லிவிடுங்கோ. அவர்தான் மூத்தவர்." எனக்குப் பாயை விட்டுத்தந்த அந்த மனுசி. "சொல்லுறன் பிள்ளை" என்றேன். லவாலுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். போனால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். நாளைக்குப் போவோம் என்று விட்டேன். மறுநாளும் அப்படியே. மேத்ரிடம் சொல்லியனுப்பியிருக்கலாம், அந்தப் பிள்ளையிடம் சொல்லியிருக்கலாம், ஒரு கடதாசி எழுதிப் போட்டிருக்கலாம். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. கிழமைகள் போயின. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு இரண்டு நாள் முன்னால் அவள் திரும்ப எடுத்தாள். "சொன்னனியளோ அண்ணை?" நான் "சொல்லிப்போட்டன்" என்றேன். "என்ன சொன்னவர்?" என்று கேட்டாள். ஐயோ, அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "அழுதவர்" என்றேன். அவள் அந்தப் பக்கம் அழத் தொடங்கினாள். "அவர் கெதியில அழுற ஆளில்லை" என்றாள். "அழுதவர்" என்று இன்னொரு தரம் சொன்னேன்.

மறியலில் இருக்கிறவரை விடலாமா என்று முப்பது நாளுக்கு ஒருமுறை திரும்ப விசாரிப்பார்கள், அந்த முதல் மீளாய்வுக்குப் பிணைகாரர் ஒருவரும் இல்லை. அடுத்ததில் தேவாலயத்தால் ஒருவர் வந்தார். மன்னார்க்காரர், சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்குகிறவர், செல்வராசாவை முன்னே பின்னே தெரியாது. மேத்ரும் பங்குக் குருவும் கேட்டதற்காகத் தடுப்பு நிலையத்துக்கு ஆறு ஏழு தரம் போய்ப் பழகியிருக்கிறார். அதே கேள்வியை அவரிடமும் கேட்டார்களாம். "ஓம், அறிவிப்பன். அவர் ஓடமாட்டார்" என்றாராம். அவ்வளவுதான். அன்று பின்னேரமே தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்குப் போனதும் அந்த மனுசன் வெளிநாட்டுக்குக் கதைக்கிற போன் காட் ஒன்றை வாங்கிக் கொடுத்து, வீட்டுக்கு எடுத்துக் கதையுங்கோ என்றிருக்கிறார். செல்வராசா எடுத்தார். நான் வெளியில வந்திட்டன் என்று சொல்லிவிட்டு, சந்தோசத்தில், "அம்மா எப்பிடி இருக்கிறா? அவவிட்டப் போனைக் குடு" என்றாராம். "மாமி செத்தது உங்களுக்குச் சொல்லியாச்சு எண்டல்லோ சொன்னவை" என்றாளாம் அவள். இதை எனக்கு ஒரு வருடம் கழித்து அந்த மன்னார்க்காரரே சந்தையில் வைத்துச் சொன்னார். "ஆரோ ஒரு நாசமாப் போவான் சொல்லிப்போட்டன் எண்டு பொய் சொல்லியிருக்கிறான்" என்றார். யார் என்று அவருக்குத் தெரியாது. செல்வராசா அவரிடம்கூட என் பெயரைச் சொல்லவில்லை.

தம்பி, உன் தொழிலுக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்றோ இரண்டோதான், அதையும் இப்படித்தான் பெற்றேன். பிணை நிற்க வருகிறவர் நன்றாகக் கதைத்தால் கவனமாக இரு. மறியலில் இருக்கிற ஆளை எந்த அறையில் படுக்க வைப்பாய், எங்கே இருத்திச் சாப்பாடு போடுவாய், யார் யார் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று கேள். மொழிபெயர்க்கிறவர்களின் முகத்தைப் பார். எங்கள் ஆட்கள் பெரிய சொற்களை எடுத்தால் அதற்குப் பின்னால் ஏதோ ஒளித்து வைத்திருக்கிறோம் என்று நினை. திங்கட்கிழமை மேத்ரிடம் போய் முதலில் மன்னிப்புக் கேள். உன்னுடைய பிழை இல்லை, ஆனாலும் நீ அவரைப் பற்றி இருநூறு பேருக்கு முன்னால் சொல்லிவிட்டாய்.

நேற்று முன்தினம், ஞாயிற்றுக்கிழமை, நான் செல்வராசாவின் வீட்டுக்குப் போனேன். வழக்கு வென்று, மனைவி பிள்ளைகளைக் கூப்பிட்டு, சென்ட் லோரன்டில் நான் வேலை செய்கிற இடத்திலிருந்து நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறார். இத்தனை வருடமும் அந்தத் தெருவால் போகாமல் சுற்றிப் போயிருக்கிறேன். மனைவிதான் கதவைத் திறந்தாள். என்னை அவள் கண்டதில்லை. "செல்வராசா அண்ணை நிக்கிறாரோ?" என்று கேட்டேன். என் குரலைக் கேட்டதும் அவள் முகம் மாறியது. உள்ளே போய்விட்டாள், பிறகு நான் வெளிக்கிடும்வரை வெளியே வரவில்லை.

அவர் வந்து, "இருங்கோ" என்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. "செல்வராசா அண்ணை..." என்று தொடங்கினேன். "இப்ப என்னத்துக்கு என்னை அண்ணை எண்டு எல்லாம்?" என்றார். கோபமாக இல்லை, உண்மையாகவே கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். உனக்கு எழுதியதைவிட மோசமாகச் சொன்னேன், அழுதுகொண்டு சொன்னேன். அவர் நல்ல காதை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டார்.

"நீங்கள் என்னை வீட்டுக்குள்ள எடுக்கமாட்டியள் எண்டு எனக்கு வரேக்கையே தெரியும்" என்றார். "வேற நம்பர் இருக்கேல்ல, அதால எடுத்தனான். அண்டைக்கு நீங்கள் சொன்னது எனக்கு விளங்கேல்ல எண்டே நினைச்சியள்? தமிழில தானே சொன்னனியள். வருத்தம் எண்டு சொல்லியிருக்கலாம், வீட்டில இடமில்லை எண்டு சொல்லியிருக்கலாம். அந்தச் சொல்லை நீங்கள் எடுத்திருக்கக் கூடாது. அது என்ர." அதைச் சொல்லும்போது கையை இடது காதில் வைத்தார். அவருக்கே அது தெரியவில்லை.

பிறகு, "அம்மான்ர விசயம்..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். அதைப் பற்றி அவர் மேலே ஒன்றும் சொல்லவில்லை. மன்னிச்சுப்போட்டன் என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது?

நீ மேடையில் சொன்னது அவருக்கு ஏற்கெனவே தெரியும். அவரோடு தொழிற்சாலையில் வேலை செய்கிற இரண்டு பேர் விருந்துக்கு வந்திருந்தார்களாம், அடுத்த நாளே சொல்லிவிட்டார்களாம். நான் எழும்பும்போது அவர் வாசல்வரை வந்தார். "தம்பி கெட்டிக்காரன் எண்டு சொன்னவை. வாற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரை இஞ்ச சாப்பிட வரச் சொல்லுங்கோ. சுத்தி வளைச்சதில நடந்ததை நான் அவருக்குச் சொல்லுறன். அவர் இனிமேல் எங்கையாவது சொல்லுறதெண்டா சரியாச் சொல்லட்டும்" என்றார்.

நீ போக வேண்டும், தம்பி. எனக்காக அல்ல. நீ பெருமைப்பட்ட மனுசன் ஒருவர் உண்மையாகவே இருக்கிறார், அவர் வீடு சென்ட் லோரன்டில் இருக்கிறது. போடுகிறதை வயிறு நிறையச் சாப்பிடு. அவர் சொல்வதை முழுவதும் கேள். பிறகு என்னை என்ன செய்வது என்று நீயே முடிவெடு.

பஸ்ஸில் அலைய வேண்டாம், நான் கொண்டுபோய் விடுகிறேன். அவர் உன்னைத்தான் கூப்பிட்டார். நீ சாப்பிட்டுவிட்டு வரும்வரை நான் கீழே காருக்குள் இருக்கிறேன்.

அப்பா